விமானி வாய் திறந்தால் வருமானம் போகக்கூடாது

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு துணை விமானியின் அக்கா. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் உயிரிழந்தார்கள். ஜூன் 16 அன்று அந்நிறுவனத்தின் 112 விமானிகள் உடல்நலக் குறைவு விடுப்பு கோரினார்கள் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் மனம்தான் சரியில்லையோ, அதை எழுதித் தரும் துணிச்சல் எவருக்கு வரும்?

2023 பிப்ரவரியில் உங்கள் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மருத்துவப் பரிசோதனையின்போது மனநலத்தையும் பார்க்க வேண்டும், விமானிகளுக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் பயிற்சி தர வேண்டும், சக ஊழியர் ஆதரவுக் குழு அமைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல சுற்றறிக்கைதான். ஆனால் என் தம்பியும் அவன் நண்பர்களும் பயப்படுவது மருத்துவரைப் பார்த்து அல்ல. அவர்கள் சம்பளத்தில் கணிசமான பங்கு, பறந்த மணிநேரத்துக்கான படி. தரையில் உட்கார்ந்தால் அது வராது; பயிற்சிக்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். இந்த நிலையில் 'தூக்கம் வருவதில்லை' என்று எவன் சொல்வான்?

2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் விமான நிறுவனத்தின் துணை விமானி ஒருவர் விமானத்தைப் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதி, தன்னோடு சேர்த்து 150 பேரின் உயிரைப் பறித்தார். அவரைக் கொடூரன் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. பிரெஞ்சு விசாரணை அமைப்பு அப்படிக் கடக்கவில்லை. அவர் தன் நோயை ஏன் மறைத்தார் என்று தேடியது. பறக்கும் உரிமை போய்விடுமோ என்ற அச்சமும், தகுதி இழந்தால் வருமானத்தை ஈடுகட்டும் காப்பீடு இல்லாததும் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று அறிக்கையில் எழுதியது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம், விமானிகளுக்கு ஆதரவுத் திட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி செய்து, 2021 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவோ 2010 முதலே, குறிப்பிட்ட சில மனச்சோர்வு மருந்துகளை உட்கொள்ளும் விமானிகளையும் உரிய பரிசீலனைக்குப் பின் பறக்க விடுகிறது.

நான் கேட்பது முதலில் வருமானப் பாதுகாப்பு. மனநலச் சிகிச்சைக்காகத் தற்காலிகமாகப் பறக்காமல் இருப்பவருக்குப் படியில் ஒரு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. பறக்கும் உரிமத்தை இழந்தவருக்குப் பணம் தரும் உரிம இழப்புக் காப்பீட்டிலும் அதே அளவுகோல் இருக்கட்டும். ஆதரவுக் குழுவிடம் சொன்னது பணிப்பட்டியல் போடுபவர் காதுக்குப் போகக்கூடாது. மீண்டும் தகுதி கோருபவரின் விண்ணப்பத்துக்குக் குறித்த நாளுக்குள் பதில் வேண்டும். கேபின் பணியாளர்களையும் விட்டுவிடாதீர்கள்; விபத்துக்கு மறுநாளும் பயணிகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாராந்தர ஓய்வு 48 மணி நேரம் என்று ஆக்கினீர்கள், மகிழ்ந்தோம். விமானி எடுத்த விடுப்பையே அந்த ஓய்வாகக் கணக்கிடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை 2025 டிசம்பரில், இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ரத்தான நெருக்கடியில், நீங்களே விலக்கிக்கொண்டீர்கள். நிறுவனம் திட்டமிடத் தவறியதற்கு விமானியின் தூக்கத்தையா ஈடு கட்டுவது?

வருமானப் பாதுகாப்புக்கான வரைவு விதியை வெளியிடும்போது, நிறுவனங்களோடு விமானிகளின் குடும்பங்களிடமும் கருத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு துணை விமானியின் அக்கா