‘அடியோடு’ என்ற ஒரு சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், ‘1865இல் அமெரிக்கா அடிமைமுறையை அடியோடு ஒழித்தது’ என்று ஒரு வரி. அந்த ‘அடியோடு’ மூன்று நாளாக உறுத்துகிறது. அடிமைமுறையைத் தடைசெய்த அமெரிக்க அரசமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே ‘குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி’ என்றொரு விலக்கு இருப்பது தாங்கள் அறியாததல்ல. கலிஃபோர்னியா மாநிலத்தின் சொந்த அரசமைப்பிலும் அது இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் அதை நீக்கத்தான் 2024 நவம்பரில் 6ஆவது முன்மொழிவை வாக்கெடுப்புக்கு விட்டார்கள், தோற்றது. அன்றைக்குத் தாங்கள் போட்ட தலைப்பு ‘கைதிகளின் கூலி உயர்வு நிராகரிப்பு’. கூலியை உயர்த்தும் வாசகம் அதில் கிடையாது ஐயா. வேலைக்கு வர மறுக்கும் கைதியைத் தண்டிக்கக் கூடாது, அவ்வளவே. இப்போது மறுத்தால் ஒழுங்குமீறல் என்று எழுதுகிறார்கள். நன்னடத்தைக் கழிவு போய் விடுதலை நாள் தள்ளிப்போகும். போனும் கேன்டீனும் நிற்கும். பெரும்பாலான வேலைகளுக்கு மணிக்கு 16 முதல் 74 சென்ட். நீதிமன்றம் விதித்த இழப்பீடு பாக்கியிருந்தால் அதிலும் 55 சதவீதம் வரை பிடித்தம். 16 சென்ட்காரர் கையில் ஏழு சென்ட்தான் மிஞ்சும்.

ஏன் தோற்றது என்றாவது எழுதியிருக்கலாம். வாக்குச்சீட்டுத் தலைப்பில் ‘அடிமைமுறை’ என்ற சொல்லே இல்லை. அதே நாளில் நெவாடா மாநிலத்தில் அந்தச் சொல்லோடு வாக்கெடுப்புக்குப் போன இதே போன்ற முன்மொழிவு வென்றது. கொலராடோவில் 2016இல் குழப்பமான வாசகத்தால் நூலிழையில் தோற்று, 2018இல் திருத்தி எழுதியதும் எளிதாக வென்றது. லூசியானாவில் 2022இல் வாசகம் கெட்டுப்போனதைப் பார்த்து, அதைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினரே எதிர்த்து வாக்களிக்கச் சொன்னார். வென்ற இடத்திலும் வேலை முடிவதில்லை. சிறை விதிகளைக் கூடவே மாற்றாததால், மறுத்தவர்களுக்குத் தண்டனை தொடர்கிறது என்று கொலராடோ கைதிகள் வழக்குக்குப் போக வேண்டியிருந்தது.

சொல் இவ்வளவு செய்கிற விஷயத்தில், ‘involuntary servitude’ என்பதைத் தாங்கள் ‘கட்டாய சேவை’ என்று மொழிபெயர்த்ததை என்னவென்பது? படிக்கிறவர் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதாக நினைப்பார். கூலியில்லாத கட்டாய உழைப்புக்குச் சோழர் கல்வெட்டிலேயே ‘வெட்டி’ என்ற சொல் உண்டு. பழசாகத் தோன்றினால் ‘கட்டாய உழைப்பு’ என்று போடலாமே. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் நம் அரசமைப்பின் 23ஆவது பிரிவைப் பற்றி எழுதும்போதும் இதே ‘சேவை’தான் வருகிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: ‘அடியோடு’ என்பதை எடுத்துவிட்டு, ‘குற்றத் தண்டனை நீங்கலாக’ என்று சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்