ஒற்றை விரலால் வாசித்துப் பார்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவை நேற்று ராத்திரி ஹெட்ஃபோனில் மூன்று தடவை கேட்டேன். பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸின் அந்த வேகமான பகுதியை ஒரு நோட் விடாமல் வாசித்திருக்கிறாய். பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை; எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. கூடவே, "எல்லா நோட்டும் சரியா இருக்கு, ஆனா அவர் வாசிச்ச மாதிரி கேக்கலையே, ஏன்ணா?" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஃப்ரெட், அதாவது கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகள், அவற்றின் எண்கள் போட்ட டேப் குறிப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய். எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று அது சொல்லிவிடும். எந்த விரல் மீட்டியது, தந்தியில் எந்த இடத்தில் மீட்டியது, நோட் எப்போது அடங்கியது என்பதெல்லாம் அதில் இருக்காது. ஒரு பேஸ் கலைஞரின் பாணி முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. நான் இரண்டு வருடம் எல்லாருடைய இடது கையை மட்டுமே பார்த்துக் கற்றேன். அந்த இரண்டு வருடம் உனக்கும் போக வேண்டாம்.

ஜாக்கோவைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு ஜேம்ஸ் ஜேமர்சனிடம் போ. 1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டுடியோவில் பாட்டுக்குப் பாட்டு பேஸ் வாசித்தவர். அவர் வலது கையில் மீட்டியது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பெயர். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸை வாசித்துவிட்டு வந்தவர், அந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது.

ஒற்றை விரல் என்ன செய்கிறது என்று இப்போதே பார்த்துவிடு. மிக மெல்லிய ஜி தந்தியில் ஒரு நோட்டை மீட்டு. விரலைத் தூக்காதே, அது அப்படியே அடுத்துள்ள டி தந்தியில் வந்து சாயட்டும். அடுத்த நோட்டை அங்கிருந்தே இழு, ஏ தந்திக்கு விழு. கீழே இறங்கும்போது நோட்டுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி வரும். மேலே ஏறும்போது விரலைத் தூக்கித்தான் ஆக வேண்டும், அதனால் அழுத்தம் வேறு மாதிரி விழும். இரண்டு விரலை மாற்றி மாற்றி வாசிக்கிறபோது நாம் பாடுபட்டுக் கொண்டுவருகிற சமநிலை இதில் வராது. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அவருடைய தாள நடை பிறக்கிறது. இடையிடையே இடது விரல் வைக்காத திறந்த தந்தியையும் அவர் தட்டிவிட்டுப் போவார், இடது கை அடுத்த இடத்துக்கு நகர அந்த நேரம் போதும்.

இன்னொன்று, ஒலி. அவருடைய பிரிசிஷன் பேஸில் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் கனமான ஃபிளாட்வௌண்ட் தந்திகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். தந்திகள் வந்து முடிகிற பிரிட்ஜின் மூடிக்குள் தந்தியை அமுக்கும் ஃபோம். நீயும் ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, பிரிட்ஜை ஒட்டித் தந்திகளுக்கு அடியில் செருகிப் பார். சுருதி ஏறிவிடாத அளவுக்கு மெதுவாக. 'டூம்ம்ம்' என்று நீண்டுகொண்டிருந்தது 'டும்' என்று நின்றுவிடும். நோட் சீக்கிரம் அடங்குவதால்தான் அவரால் அவ்வளவு நோட்டுகளை நெருக்கி வைத்தும் பாடகரின் குரலுக்கு இடம் விட முடிந்தது. எனக்கு இது புரிந்த அன்று கண் கலங்கியது. அவ்வளவு நாள் அவர் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தேன், அவரைக் கேட்கவே இல்லை.

அடுத்து லாரி கிரஹாம். தன் அம்மாவின் இசைக்குழுவில் டிரம்மர் இல்லாமல் போனதும், காலால் மிதிக்கும் கிக் டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் தந்தியை அடித்தார், குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம்முக்குப் பதில் இன்னொரு விரலால் தந்தியைச் சுண்டி இழுத்தார். ஸ்லாப் என்று நாம் சொல்வது இப்படித் தேவையில் பிறந்ததுதான். அதனால் ஸ்லாப் பழகும்போது கிக்கும் ஸ்நேரும் எங்கே விழும் என்று வாயால் சொல்லிக்கொண்டே அடி. கட்டைவிரல் கணு, கடைசி ஃப்ரெட் பக்கம் பட்டவுடன் துள்ளித் திரும்ப வேண்டும். அங்கேயே அழுத்தி நின்றால் தந்தி செத்துவிடும்.

விரலுக்குப் பதில் பிக் என்ற சிறு தகட்டை வைத்து வாசிப்பது மட்டம் என்று யாராவது சொன்னால் கரோல் கேயைக் கேட்கச் சொல். கிட்டார் கலைஞர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போகவே அந்த இடத்தில் உட்கார்ந்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் அவரை விட்டால் ஆளில்லை என்கிற அளவுக்கு வாசித்தார். கையில் பிக், தந்தியில் ஒலியை அடக்க ஃபெல்ட் துணித் துண்டு.

பாப் மார்லி குழுவின் ஆஸ்டன் பாரெட்டை வாசிக்க முயற்சி செய்யும்போது எண்ணிக்கொண்டே வாசி. அவர் எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று குறித்துவை. அந்த இடங்களில் உன் இடது கை தந்தியை லேசாகத் தொட்டு ஒலியை அடக்குகிறதா என்று பார்.

இனி உன் ஜாக்கோ. அவர் பேஸில் ஃப்ரெட்டே கிடையாது; ஃப்ரெட் நீக்கிய விரற்பலகைக்கு எபாக்ஸி என்ற பிசின் பூச்சு போட்டிருந்தார். அந்த வழுக்கல் உன் ஃப்ரெட் பேஸில் வராது, அதற்காக வருத்தப்படாதே. ஆனால் அவர் வலது கை தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்களில் பிரிட்ஜ் பக்கத்தில் உள்ளதன் மேல் இருக்கும். உன் கை கழுத்துப் பக்கம் இருக்கிறது என்பது பதிவைக் கேட்டாலே தெரிகிறது, அதனால்தான் கொழகொழவென்று இருக்கிறது. கையைப் பின்னால் கொண்டு வா. அங்கே தந்தி விறைப்பாக இருக்கும், விரல் நுனி நாலு நாள் வலிக்கும். அப்புறம், நீ முழு நோட்டாக வாசித்த பலவற்றை அவர் இடது கையால் அமுக்கி வெறும் 'டக்' என்று விடுகிறார். ஜேமர்சனையும் இன்னொரு பேஸ் கலைஞரான ஜெர்ரி ஜெமட்டையும் கேட்டு வளர்ந்த கை அது. ஜேமர்சனிடம் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் அந்த 'டக்' உனக்குத் தானாகக் காதில் விழும்.

முழுப் பாட்டு வேண்டாம். எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று, போதும். முதலில் வாயால் பாடு, நோட் நிற்கிற இடத்தையும் சேர்த்துப் பாடு. பிறகு ஸ்பாஞ்சு வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை பதிவு செய்து, இரண்டையும் எனக்கு அனுப்பு. எந்த விரலால் வாசித்தாய் என்பதை மட்டும் சொல்லாதே. நானே கேட்டுக் கண்டுபிடிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்