நம் காட்டுயிர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25 (கோத்தகிரி)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, வனத்துறையிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அறிக்கை என்றால் இத்தனை பாம்பு, இத்தனை மரநாய், இத்தனை ஆந்தை மீட்டோம் என்று எண்ணிக்கையில்தான் தொடங்கும். நானும் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் வாசித்தேன். இந்த முறை வாசிக்கப் போவதில்லை. அழைப்புப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். எண்ணிக்கையை மேடையில் வாசித்துப் பழகிவிட்டால், அடுத்த ஆண்டு அதைவிடக் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. அதனால் விளைந்ததையும் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

பதிவேட்டில் இந்த ஆண்டு புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். அதன் தலைப்பு ‘பிடிக்கவில்லை’. போனோம், பார்த்தோம், கூட்டத்தைக் கலைத்தோம், திரும்பி வந்தோம் என்பதுதான் அதன் பொருள். சித்திரை தொடங்கி அந்தக் கட்டம்தான் வேகமாக நிரம்பி வருகிறது. நம் உறுப்பினர்கள் சிலருக்கு இதில் மனக்குறை. கையுறையும் வலையுமாகப் போய்ச் சும்மா திரும்புவதற்கா சங்கம் என்று மாதாந்தரக் கூட்டத்திலேயே கேட்டார்கள். என் பதில், ஆம், பெரும்பாலும் அதற்குத்தான்.

நரிகளிலிருந்து தொடங்குகிறேன், இந்த ஆண்டு நம்மை அதிகம் அலையவிட்டவை அவைதான். நம் மலையில் இரவில் ஊளையிடுவது பொன்னிற நரி. சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்குப் பிடித்து ஓடவிடுவார்களே, வனத்துறையும் தடுத்து அபராதம் போடுமே, அந்த வங்கா நரி வேறு. அது சமவெளிக்காரன், உருவத்திலும் சிறியது. ஆங்கிலப் படப்புத்தகத்தில் சிவந்த மேனியும் வெள்ளை வால்நுனியுமாக வருவது மூன்றாவது இனம். தமிழில் மூன்றுக்கும் நரி என்ற ஒரே பெயர் இருப்பதால் தொலைபேசியில் குழப்பம் தீர்வதே இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் குழப்பமும் இல்லை, கூச்சமும் இல்லை. இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் வரவழைத்து, ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையேறி, அவர்கள் ஊர் நரிக்குப் பதிலாக நம் ஊர் நரியைத் துரத்தினார்கள்.

நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லும் அதே வாய்தான், வாசலில் நரி நின்றால் உடனே பிடித்துப் போகச் சொல்கிறது. அப்படி அழைப்பவர்களிடம் நான் பழமொழியைத்தான் நினைவூட்டுகிறேன்: நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி. எலி, வண்டு, காட்டு முயல், உதிர்ந்த பழம், செத்த மாடு, இவைதான் அதன் சாப்பாடு. கோழிக்கூண்டைத் திறந்து போட்டால் கோழியும் சாப்பாடுதான்; அதில் நரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நரிக்கொம்பு என்று ஒன்றைச் சிலர் தாயத்தாகக் கேட்டு விசாரிக்கிறார்கள். நரிக்குக் கொம்பு கிடையாது. இதை ஆண்டறிக்கையில் எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

ஐப்பசி மாதம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். லாங்வுட் சோலைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து இரவு அழைப்பு வந்தது. வீட்டுக்குப் பின்னால் ஏதோ கல்லில் மோதி மோதிப் போகிறது, பேய் என்று பிள்ளைகள் அழுகிறார்கள் என்றார்கள். நாங்கள் நான்கு பேர் போனோம். வனக்காப்பாளர் ஒருவரும் வேட்டைத் தடுப்புக் காவலர் இருவரும் வந்து சேர்ந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது ஒரு நரி. தலை முழுவதும் வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவுக்குள். பேக்கரிகளில் வர்க்கி பிஸ்கட் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி டப்பா. உள்ளே மூச்சு படிந்து வெண்மையாகப் பனித்திருந்தது. மூக்கு பட்ட இடத்தில் மட்டும் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வட்டம் சுருங்கி விரிந்தது.

துரத்தினால் ஓடும், ஓடினால் மூச்சு முட்டும். ஆகவே முதலில் டார்ச்சுகளை அணைத்தோம். லைன் வீட்டுக்காரர்களைக் கதவடைத்துக்கொள்ளச் சொன்னோம். இரண்டு மணி நேரம் போல எதுவும் செய்யாமல் தேயிலைப் பாத்தியில் உட்கார்ந்திருந்தோம். களைத்துப்போய் அது ஒரு தடுப்புச் சுவரின் மூலையில் படுத்த பிறகுதான் மீன் வலையை மேலே போட்டு, கண் மறைய ஈரச் சாக்கை மூடினோம். காவலர்களில் மூத்தவர் பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்ள, கம்பி வெட்டும் குறடால் டப்பாவின் விளிம்பை நான் வெட்டினேன். கழுத்து மயிர் வழித்து எடுத்தது போல் தேய்ந்திருந்தது. பல நாள் பட்டினி என்பது விலா எலும்பைப் பார்த்தாலே தெரிந்தது. டப்பாவின் அடியில் காய்ந்த நெய்யும் கொஞ்சம் சர்க்கரையும் இருந்தன. சாக்கை எடுத்ததும் அது ஓடவில்லை. பக்கத்துக் கால்வாயில் இறங்கி நெடுநேரம் தண்ணீர் குடித்தது. பிறகு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சோலைப் பக்கம் ஏறிப்போனது. நன்றியுள்ள பார்வை எதையும் நான் காணவில்லை. பத்திரிகையில் அப்படி வந்திருந்தால் அது நிருபருடைய கற்பனை.

அன்றிரவு நரியைத் தொட்டவர்கள் எல்லோரும் வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டவர்கள். போடாதவர்கள் இனி விலங்கைத் தொடக் கூடாது என்பது செயற்குழுவின் முடிவு. இதில் தலைவருக்கும் விலக்கு இல்லை.

இனி, எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் நான் செய்த தவறு. பங்குனி மாதத்தில் ஒரு பையன் புத்தகப்பையில் நரிக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். சாலையோரச் சிறுபாலத்தின் குழாய் வாயில் தனியாகக் கிடந்தது, அம்மா இல்லை என்றான். கருஞ்சாம்பல் நிறம், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. தாய் வளை மாற்றும்போது குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் கவ்விச் செல்லும், நடுவில் ஒன்று தனியாகக் கிடந்தால் அது அநாதை அல்ல என்பதை உங்களுக்கெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அப்படியிருந்தும் திருப்பி வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பசும்பால் கொடுத்தேன். அதற்கு வயிற்றுப்போக்கு வந்தது. மூன்றாம் நாள்தான் வனச்சரக அலுவலகத்துக்குச் சொன்னேன். காட்டுயிர் கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் எனக்குத் தெரியாததல்ல. சிறுபாலத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தபோது குழாய் காலியாக இருந்தது. தாய் மற்ற குட்டிகளோடு போய்விட்டிருந்தது. ஐந்தாம் நாள் குட்டி இறந்தது. பதிவேட்டில் அந்த வரிசையில் ‘மீட்டவர்’ என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

அதற்கு அடுத்த மாதமே, தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து நடந்த ஒரு தோட்டத்தில் செடிக்கடியில் மூன்று குட்டிகள். சிறுத்தைக்குட்டி என்று வேலை நின்றுபோய், மேஸ்திரி கைபேசியில் கத்தினார். போய்ப் பார்த்தால் காட்டுப்பூனைக் குட்டிகள். அங்கே கவாத்து வெட்டும் அக்கா ஒருவர், “எடுத்துக்கொண்டு போங்கள் சார், எங்களுக்கு நாள் கூலி போகிறது” என்றார். நியாயமான பேச்சு. தோட்டத்து அலுவலரிடம் பேசி, அந்த நான்கு வரிசையை மட்டும் விட்டுவிட்டு மேற்குப் பக்கம் கவாத்தைத் தொடரச் செய்தோம். யாருக்கும் கூலி போகவில்லை. குட்டிகளைத் தொடவும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் அதே அக்காதான் அழைத்து, மூன்றும் இல்லை, பூனை வந்து கொண்டுபோய்விட்டது என்றார். குரலில் மகிழ்ச்சி இருந்தது. இது ‘பிடிக்கவில்லை’ கட்டத்தில் இருக்கிறது.

கரடிகள் வழக்கம்போல. எண்ணெய் வாசம் பிடித்துக் கோயிலுக்குள் நுழைந்து விளக்கில் உள்ள எண்ணெயைக் குடிக்கும் பழக்கத்தை அவை விடுவதாக இல்லை. விளக்கில் எண்ணெயை நிரப்பி வைத்துவிட்டு நடை சாத்தும் பழக்கத்தை நாமும் விடுவதாக இல்லை. இரண்டு ஊர்க் கோயில்களில் மட்டும் பூசாரிகள் இரவில் எண்ணெயை இரும்பு அலமாரியில் பூட்டுகிறார்கள். அங்கே கதவு உடையவில்லை. சாலையில் நிற்கும் காட்டுமாடுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நின்றால் நாமும் நிற்க வேண்டும். கைபேசியோடு அருகில் போகிறவர்களை என்ன செய்வது என்பதற்குத்தான் வழி தெரியவில்லை. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்திருக்கிறது. அதில் வண்டி எண்ணைக் கேட்கிறார்கள், வருகிறவருடைய புத்தியைக் கேட்பதில்லை.

சுருக்குக் கம்பி விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. காட்டுப்பன்றிக்கு என்று வேலியோரம் கட்டுகிறார்கள். இரு சக்கர வண்டியின் பிரேக் கம்பிதான் பெரும்பாலும். பன்றி என்று கம்பிக்கு எப்படித் தெரியும்? நரி விழுகிறது, கேளையாடு என்ற சிறு மான் விழுகிறது, சிறுத்தை விழுகிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வனத்துறையினரோடு வேலியோரம் நடந்து கம்பிகளைக் கழற்றுகிறோம். கழற்றியவை அலுவலக மூலையில் ஒரு தகர டின்னில் இருக்கின்றன, பார்க்கலாம். பயிர் போகிறவர்களின் வேதனையை நான் சிறிதாகச் சொல்லவில்லை. ஓர் இரவில் உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதும் உழுதது போல் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது நம் கூட்டத்தில் இரு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். அது தீரவில்லை. ஆனால் கம்பியும், வெடி வைத்த அவுட்டுக்காயும், விஷமும் கூடாது என்பதில் இரு கட்சியும் ஒன்று. 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம் மாட்டின் உடலில் விஷம் வைத்ததில் இரண்டு புலிகள் செத்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி வைக்கும் இறைச்சியை முதலில் தின்ன வருவது பெரும்பாலும் நரியும் காக்கையும்தான். அவை செத்தால் செய்தி வருவதில்லை.

தெருநாய்த் தடுப்பூசி முகாமைக் காட்டுயிர்ச் சங்கம் எதற்கு நடத்துகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். வெறிநோயும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும், சொறியும் நாயிடமிருந்து நரிக்குப் போகின்றன. ஒரே குப்பைமேட்டில் இரண்டும் மேய்கின்றன. 1907 முதல், தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் குன்னூர் பக்கத்திலேயே இருக்க, நாம் ஊசிக்குச் சோம்பல் படுவது அழகல்ல. வளர்ப்பு நாயை இரவில் வெளியே கட்டி வைப்பது சிறுத்தைக்கு விருந்து வைப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பாம்புகள்: சுருக்கமாக முடிக்கிறேன். தேயிலைச் செடியில் பச்சைக் குழிவிரியன் கடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பச்சிலைக்கு அல்ல. நம் நாட்டில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது, குழிவிரியனுக்கு அல்ல. ஆகவே என்ன பாம்பு என்று மருத்துவரிடம் சொல்வது முக்கியம். அதற்காகப் பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டாம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வலை ஒன்று கிழிந்துவிட்டது, புதியது வாங்க ஒப்புதல் வேண்டும். திறந்த கிணறுகளில் விழும் விலங்கு ஏறி வருவதற்குச் சாய்வாக மரத்துண்டு போட்டு வைக்கும் வேலை பாதியில் நிற்கிறது. மரம் தருவதாகச் சொன்ன உறுப்பினர்கள் தயவுசெய்து நினைவுகூர வேண்டும். மார்கழி, தை இரவுகளில் அழைப்பை எடுக்கும் முறைப் பட்டியலில் செவ்வாயும் சனியும் இன்னும் காலியாக இருக்கின்றன. தோல் கையுறைகளில் வலது கை மட்டும் மூன்று இருக்கின்றன, இடது கை ஒன்றுதான். வீட்டுக்கூரையில் மரநாய் குட்டி போட்டிருந்தபோது வெளியே எடுத்த சங்கத்து மூங்கில் ஏணியைச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிப் போனவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அலுவலகத்தில் சேர்த்துவிட்டால் பெயரைச் சொல்ல மாட்டேன்.

செயலாளர்