இருவழி மீட்டர் கோரி நினைவூட்டு மனு

அனுப்புநர்:
கூரை சோலார் அமைத்துள்ள 11 வீட்டார்,
ரைஸ்மில் ஸ்டாப் மேற்குத் தெருக்கள்.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மானக் கோட்டம்.

பொருள்: இருவழி மீட்டர் பொருத்துதல், கூடுதலாக வசூலித்த கட்டணத்தைச் சரிசெய்தல் தொடர்பாக.

பார்வை: பிரிவு அலுவலகத்திலும் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்த மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதியைத் தங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரைஸ்மில் டிரான்ஸ்பார்மரில் வாரம் தவறாமல் ஃபியூஸ் போன காலத்தில், உதவிப் பொறியாளராக இருந்து அதை மாற்றிக் கொடுத்தவர் தாங்கள்தான். இன்றும் நன்றியோடு சொல்கிறோம். அதே டிரான்ஸ்பார்மரின் பாரம் குறையத்தான் நாங்களும் வழி செய்திருக்கிறோம்.

1. கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் விண்ணப்பித்து, வீட்டுக்கு 3 கிலோவாட் பேனல் போட்டோம். பெரும்பாலும் வங்கிக் கடன். பிரிவு அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், "மீட்டர் வந்துவிடும், நீங்கள் ஓட்டுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லிப் போனார்கள்.

2. உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் தனித்தனியாக அளக்கும் அந்த இருவழி மீட்டர் வரவில்லை. கேட்டால் ஸ்டாக் இல்லை.

3. எங்களை வதைப்பது இதுதான். மின்சாரம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று பழைய மீட்டருக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் எங்கள் உபயோகம் என்றே கூட்டிக்கொள்கிறது. உச்சி வெயிலில் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தோம். மீட்டரில் சிவப்பு விளக்கு படபடவென மின்னுகிறது, யூனிட் ஏறுகிறது. பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை நிறுத்தினால் விளக்கும் நின்றுவிடுகிறது. ஆக, தங்களுக்கு நாங்கள் கொடுக்கும் மின்சாரத்துக்கு நாங்களே பணம் கட்டுகிறோம்! நல்ல வெயிலில் 3 கிலோவாட் பேனல் நாளுக்கு 12 யூனிட் வரை தரும். எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் அதில் பெரும்பகுதி மின்வாரியக் கம்பிக்குத்தான் போகிறது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததா? முன்பு 400க்குள் நின்ற வீடுகள் சோலார் போட்ட பிறகு மேல் ஸ்லாபில் பில் கட்டுகின்றன. கணக்கெடுக்க வரும் தம்பியிடம் காட்டினோம். "மீட்டரில் இருப்பதுதான் சார் எனக்குக் கணக்கு" என்றார். அவர் மேல் தப்பில்லை. வேறு யாரிடம் போய்க் காட்டுவது?

இப்போது பாதி வீடுகளில் இன்வெர்ட்டரை அணைத்தே வைத்திருக்கிறார்கள். பேனல் மேலே சும்மா காய்கிறது.

4. மீட்டர் வைத்து, இயக்கத்துக்கு வந்ததாகப் பதிவேற்றினால்தான் ரூ.78,000 மானியம். வங்கி அதுவரை பொறுக்குமா? மாதம் பிறந்தால் தவணையைப் பிடித்துவிடுகிறார்கள்.

5. 2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளில், கூரை சோலாரை இயக்கத்துக்குக் கொண்டுவரும் கெடு 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டது. மீட்டர் கணக்கு சரியில்லை என்று புகார் வந்தால் 5 நாளில் சரிபார்க்கக் கூடுதல் மீட்டர் வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இதைக் காட்டினால், "அதெல்லாம் டெல்லியில் போட்டது" என்கிறார்கள். சோலார் போடச் சொன்னதும் டெல்லிதானே ஐயா? திட்டம் செல்லும், விதி செல்லாதா?

6. மீட்டரை வெளியில் நாங்களே வாங்கி வருகிறோம், தங்கள் மீட்டர் சோதனைக் கூடமான எம்.ஆர்.டி. லேபில் சோதித்து சீல் வைத்துக் கொடுங்கள் என்றும் கேட்டாயிற்று. அதற்காவது ஆம், இல்லை என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

ஆகவே, இருவழி மீட்டரை உடனே பொருத்தவும், தப்பாக ஏறிய யூனிட்டுகளை அடுத்த பில்லில் கழிக்கவும், அதுவரை சோலாருக்கு முந்தைய சராசரியில் கணக்கிடவும் உத்தரவிட வேண்டுகிறோம். நேரில் பார்க்க வருவதானால் பகல் 12 மணிக்கு வாருங்கள், மாலையில் வந்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போக வேண்டாம். மீட்டரைக் கொடுங்கள் ஐயா. வைக்கப்போகும் தேதியையாவது எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
11 வீட்டார்

இணைப்பு: கையொப்பங்கள், சோலாருக்கு முன்னும் பின்னுமான பில் நகல்கள்.