கை உயர்த்திய பிறகு வரும் ஞாயிறுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில், "இந்த ஆண்டு ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்த யார் முன்வருகிறீர்கள்?" என்று சேகரகுரு (சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் போதகர்) கேட்டபோது எங்கள் சபையில் பதினொரு பேர் கை உயர்த்தினார்கள், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் பிறப்பதற்குள் நான்கு பேர்தான் மிஞ்சினார்கள். பக்கத்துச் சேகரங்களில் உள்ளவர்களும் இதே குறையைச் சொல்வதால் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலயத்துக்கு மேற்கே வேப்பமரத்தடியில் பாய் விரித்து, ஒன்பது பிள்ளைகள் மனப்பாட வசனத்தை ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டை மடியில் வைத்திருந்த சிறுமி, கேட் பக்கம் பார்த்துப் பார்த்து, கடைசியில் தானே எல்லார் பெயருக்கும் நேரே பென்சிலால் குறியிட்டாள். ஆசிரியை பெயருக்கு நேரேயும் குறியிட்டாள். ஏனம்மா என்று கேட்டேன். "டீச்சர் வந்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள். அந்த ஆசிரியை அன்றும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை.

ஆராதனையில் உள்ளம் உருகிக் கை உயர்த்துவதை நான் குறை கூறவில்லை. ஆனால் உருக்கம் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும், கொடுத்த வாக்கோ டிசம்பர் வரை இருக்கிறது. கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்கும் 15ஆம் சங்கீதம், "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று அவனைக் குறித்துச் சொல்கிறது. நஷ்டம் வரும் என்பதை வேதம் மறைக்கவில்லை. இங்கே அந்த நஷ்டம் சனிக்கிழமை இரவு பாடம் ஆயத்தம் செய்ய ஒரு மணி நேரம், ஞாயிறு காலைத் தூக்கம், எப்போதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், அவ்வளவுதான்.

இடையன்குடியில் மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1847இல் அஸ்திபாரம் போட்ட பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அஸ்திபாரத்தன்று பிறந்த குழந்தை, பிரதிஷ்டையன்று தன் பிள்ளைகளைக் கையில் பிடித்து உள்ளே அழைத்துப் போயிருக்கலாம். இடையில் 1856இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. 1877இல் அவர் பேராயராகவும் ஆனார். இவற்றில் எதைக் காரணம் காட்டி வேலையைப் பாதிச் சுவரோடு விட்டிருந்தாலும் யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஒப்பிலக்கணத்துக்காக அவரை எல்லோரும் போற்றுகிறார்கள். எனக்கோ அந்த முப்பத்து மூன்று ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. 1891இல் கொடைக்கானலில் காலமான அவருடைய உடல், அதே ஆலயத்துக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்து, ஆலயக் காணிக்கைக்கான பிடியரிசிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். ரேஷன் அரிசி தட்டுப்பாடான வாரங்களிலும் பிடி சிறிதானதே தவிர, கலயம் வெறுமையாக இருந்ததில்லை. அவர் எந்தக் கூட்டத்திலும் கை உயர்த்தி நான் பார்த்ததில்லை.

உடல்நலக் குறைவாலோ இரவுப் பணியாலோ வர இயலாதவர்களை நான் சொல்லவில்லை. அவர்களும் சனிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மாற்று ஆள் பார்க்க முடியும். சேகரகுருமார்களுக்கு ஒரு விண்ணப்பம். நள்ளிரவில் எல்லார் முன்னிலையிலும் கேட்பதை விட்டு, ஜனவரி இரண்டாம் வாரத்தில், எத்தனை ஞாயிறு, எத்தனை மணி நேரம் என்று விளக்கி, வீட்டில் கலந்து பேசிய பிறகு பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். பதினொரு பெயருக்குப் பதில் ஐந்து பெயர்தான் கிடைத்தாலும், வகுப்புகளைச் சேர்த்து அந்த ஐந்து பேரைக் கொண்டு நடத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.