தெள்ளுப்பூச்சி குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கணுக்காலைச் சொறிந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டு மூன்றாகச் சேர்ந்தாற்போல் சிவந்து தடித்திருக்கிறது. இது தெள்ளுக்கடி. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் உள்ள சாய்ப்பில், பழைய சாக்குகளின் மேல் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. விடுமுறையில் தாயும் குட்டிகளும் இடம் மாறிப் போய்விட்டன. தெள்ளு மட்டும் போகவில்லை.

நாய் போன பிறகு எப்படி இருக்கும் என்று சிலர் கேட்டீர்கள். கோயில் கொடைக்கு ஊருக்கு வருகிறவர்கள், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் தெள்ளு மொய்க்கிறது என்பார்களே, அதே கதைதான். தெள்ளுப் புழு கூடு கட்டிக்கொண்டு தரைவெடிப்பில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். காலடி அதிர்வும், உடல் சூடும், மூச்சுக்காற்றும் பட்டால் ஆள் வந்துவிட்டது என்று கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். பள்ளி திறந்த அன்று நம் பிள்ளைகள் போட்ட ஆட்டத்துக்கு அது தூங்கியா கிடக்கும்? பாயில் உட்காரும் சின்ன வகுப்புகளுக்குத்தான் கடி அதிகம். பெஞ்சில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டார்கள்.

இந்தக் கடிதம் எழுத முக்கியமான காரணம் வேறு. போன வாரம் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று மற்ற பிள்ளைகள் பாயைத் தள்ளிப் போட்டார்கள். ‘அவங்க வீட்ல நாய் இருக்கு, அவகிட்ட தெள்ளு இருக்கு’ என்று வீட்டில் சொன்னார்களாம். தெள்ளு பேன் மாதிரி மனிதர் தலையில் குடியிருக்காது. கடித்து ரத்தம் குடித்ததும் இறங்கிப் போய்விடும். பேனுக்குக் குதிக்கத் தெரியாது; உண்ணிக்கும் தெரியாது. தெள்ளுக்கு இறக்கை கிடையாது, ஆனால் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த உடம்பை வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் ஜாமெட்ரி பெட்டியில் இருக்கும் ஸ்கேலை விட அதிக தூரம் தாண்டிவிடும். இதற்காக யாரையும் ஒதுக்க வேண்டாம், பள்ளிக்கு அனுப்பாமலும் இருக்க வேண்டாம். ஒரு பையனுக்கு மொட்டையே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். திருச்செந்தூர் நேர்ச்சை என்றால் சரி. தெள்ளுக்காக என்றால் பாவம், அந்த முடி என்ன செய்தது?

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியை நனைத்துத் தரையில் விரித்து, அதன் மேல் நாயை நிறுத்தி, வால் பக்கத்து முடியைப் பேன்சீப்பால் வாருங்கள். கருப்பாக மிளகுத்தூள் போல விழும். சற்று நேரத்தில் அந்தப் புள்ளிகளைச் சுற்றி ஈரத்தில் செம்பழுப்பு நிறம் பரவினால் அது மண் அல்ல, தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம். முட்டையிலிருந்து வரும் புழுக்கள் இதைத் தின்றுதான் வளர்கின்றன. இரண்டாம் வகுப்பு டீச்சர் இதைச் செய்துகாட்டியபோது, முகம் சுளித்த பிள்ளைகளே அடுத்த நிமிடம் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் தீராது. ஒரு பெண் தெள்ளு நாள் ஒன்றுக்கு 40 முட்டைகூட இடும். அவை முடியில் ஒட்டாமல் நாய் படுக்கிற இடமெல்லாம் உதிர்ந்துவிடும். அதனால் பட்டாசல் மூலை, கட்டிலுக்கு அடி, படிப்புரை, தொழுவம் எல்லாவற்றையும் தினமும் வெடிப்பு விடாமல் பெருக்குங்கள். பெருக்கிய குப்பையை வாசலில் கொட்டாமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரிப்பு, தலையணை உறை, நாயின் சாக்கு எல்லாம் வெந்நீரில் அலசி, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நல்ல வெயிலில் காயட்டும். பாயையும் வெயிலில் போடுங்கள். பத்தமடைப் பாய் வெளுத்துவிடும் என்று பார்க்காதீர்கள், கடியைவிட அது தேவலை. மருந்து அடித்தாலும் கூட்டுக்குள் இருப்பது சாகாது. அதனால் இரண்டு நாளில் விட்டுவிடாமல் மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும்.

நாய்க்கு மண்ணெண்ணெய் தடவுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. கால்நடை மருந்தகத்தில் கேட்டு மருந்து வாங்குங்கள். குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தனியாகக் கேட்க வேண்டும். நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும். தெருநாயை அடித்து விரட்டுவதாலும் பயனில்லை, அது அடுத்த தெருவில் போய் முட்டையை உதிர்க்கும்.

பிள்ளைகளுக்கு நகம் வெட்டிவிடுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, காலமைன் தடவினால் அரிப்பு அடங்கும். சீழ் வைத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். நாயைக் கொஞ்சிவிட்டு அப்படியே சாப்பிட உட்காருவதையும் கவனியுங்கள். தெள்ளு வாய்க்குள் போனால் நாடாப்புழு வர வாய்ப்பு உண்டு.

ஒரு தாத்தா ‘பிளேக் வருமா டீச்சர்?’ என்று கேட்டார். அந்த நோயைப் பரப்புவது முக்கியமாக எலித்தெள்ளு. 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தது அது. இங்கே அப்படி எதுவும் இல்லை. எலிகள் காரணமில்லாமல் செத்து விழுந்தால் மட்டும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருந்தால் தாமதிக்காதீர்கள். அது புதரில் இருக்கும் மிகச்சிறிய உண்ணிக் குஞ்சுகள் கடிப்பதால் வரும் காய்ச்சல் (ஸ்கிரப் டைபஸ்), தெள்ளால் வருவதல்ல. சீக்கிரம் காட்டினால் மாத்திரையிலேயே குணமாகும்.

பள்ளியில் சாக்குகளை அப்புறப்படுத்திவிட்டோம். வரும் சனிக்கிழமை காலை சாய்ப்பையும் இரண்டு வகுப்பறைகளையும் கழுவி, தரைவெடிப்பைப் பூசப் போகிறோம். சிமெண்டும் மணலும் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்பாடு செய்திருக்கிறது. கொத்து வேலை தெரிந்தவர்கள் கரண்டியோடு வந்தால் உதவியாக இருக்கும். மற்றவர்கள் ஆளுக்கொரு வாரியல் கொண்டுவாருங்கள். பிள்ளைகளை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். காப்பி நாங்கள் போட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை