'வெளியான அன்றே உலகை உலுக்கிய பாட்டு'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் ரேடியோஹெட் என்ற ஆங்கில ராக் குழுவின் 'க்ரீப்' பாட்டைப் பற்றி வந்த கட்டுரையில் 'வெளியான அன்றே உலகை உலுக்கிய பாட்டு' என்று ஒரு வரி. எந்த உலகம் என்று உங்கள் கட்டுரையாளரிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். 1992 செப்டம்பரில் அது வந்தபோது நான் இங்கிலாந்தில்தான் படித்துக்கொண்டிருந்தேன், அங்கே ஒன்றும் குலுங்கவில்லை. பிபிசி ரேடியோ 1 'ரொம்பச் சோகம்' என்று ஒதுக்கிவிட்டது, ஏறக்குறைய 6,000 பிரதிகள் விற்றதோடு சரி. நான் வாங்கிய கேசட்டே கடையில் விலை குறைத்துத் தள்ளிவிட்ட பெட்டியில் கிடந்ததுதான். விடுதியில் போட்டால் "வேற ஏதாவது போடேன்ப்பா" என்பார்கள். மறுவருஷம் அதே ஆட்கள் குளியலறையில் தொண்டை கிழிய அதைப் பாடினார்கள் என்பது வேறு விஷயம்.

இடையில் நடந்தது என்ன? இஸ்ரேலில் யோவ் குட்னர் என்ற வானொலிக்காரருக்குப் பாட்டு பிடித்துப்போய் ராணுவ வானொலியில் திரும்பத் திரும்பப் போட்டார், அங்கே ஹிட். அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு நிலையம் பிடித்துக்கொண்டது, அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் 34ஆம் இடம் வரை போனது. அதன் பிறகுதான் இங்கிலாந்துக்காரர்களுக்கு ஞானம் வந்து 1993இல் மறுபடி வெளியிட்டு 7ஆம் இடம். கேட்டவர்கள் தூக்கி நிறுத்திய பாட்டு ஐயா அது. அவர்களை அப்படியே அழித்துவிட்டு அன்றே ஹிட் என்று எழுத எப்படி மனசு வந்தது?

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு காலத்தில் இசை பற்றி நீங்களே எவ்வளவு நன்றாக எழுதியவர். இப்போது கட்டுரைகளைப் படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்புகிறீர்களா என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

பாடகர் தாம் யார்க்கின் சோக முகத்துக்கு ஒரு முழுப் பத்தி. பல்லவிக்கு முன்னால் 'கர்ரக், கர்ரக்' என்று ஒரு கிடார் வெட்டு வருமே, பாட்டு இவ்வளவு சாதுவாக இருப்பது பிடிக்காமல் குழுவின் கிடார்காரர் ஜானி கிரீன்வுட் ஓங்கி அடித்தது, அதற்கு அரை வரி கூட இல்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பாட்டில் பாதி போச்சு. ஹாலீஸ் குழு 1974இல் பிரபலமாக்கிய ஒரு பாட்டின் சாயல் இருக்கிறது என்று அதை எழுதிய ஆல்பர்ட் ஹாமண்டுக்கும் மைக் ஹேஸல்வுட்டுக்கும் பாடலாசிரியர் உரிமையில் பங்கு கொடுத்த கதையும் இல்லை. சுவாரஸ்யமானதையெல்லாம் விட்டுவிட்டு எழுதுவதற்கும் ஒரு திறமை வேண்டும்தான்.

அப்புறம், 'இன்றுவரை மேடையில் பாட மறுக்கிறார்கள்' என்று முடித்திருக்கிறார். சலித்துப்போய் வருஷக்கணக்கில் தவிர்த்தார்கள், உண்மை. ஆனால் 2009இல் இங்கிலாந்தின் ரெடிங் இசை விழாவில் தங்கள் நிகழ்ச்சியை அந்தப் பாட்டோடுதான் தொடங்கினார்கள், 2016 சுற்றுப்பயணத்திலும் பாடினார்கள். இணையத்தில் இன்றைக்கு 100 கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்ட பாட்டு, ஒரு தடவை தேடிப் பார்த்திருந்தாலே கிடைத்திருக்கும்.

உங்கள் பத்திரிகைக்கு ராக் இசை என்றால் எப்போதும் இப்படித்தான். ஒரு முறை நிர்வாணா என்ற ராக் குழுவைப் பற்றிய துணுக்குக்கு வேறு யாரோ நாலு பேர் படத்தைப் போட்டிருந்தீர்கள். எழுதிச் சொன்னேன், பதில் இல்லை. ஆண்டு மலரில் மேற்கத்திய இசைக்கு ஒரே பக்கம், அதிலும் பாதி ஊறுகாய் விளம்பரம். சந்தா முடியப்போகிறது என்று நினைவூட்ட மட்டும் தவறாமல் கடிதம் வருகிறது.

அடுத்த இதழில் அந்த இரண்டு வரிகளுக்கும் ஒரு திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்